வண்டிக்கு முன் வந்த கைத்திறன்

மும்பையிலிருந்து ரயிலேறி, லோணாவளா மலைச்சரிவைக் கடந்து புனே நகரை நெருங்கும் நேயர்கள், ஆகுர்டி, சிஞ்ச்வட், பிம்ப்ரி என்னும் நிலையங்களை அடுத்தடுத்துக் காண்பார்கள். இந்தியாவின் மோட்டார்த் தொழிலில் பெரும்பங்கு இந்த ஊர்களின் சுற்றுப்புறத்தில்தான் வளர்ந்தது.

பேஷ்வாக்களின் தலைநகருக்கு இயந்திரத்தோடு உறவு ஏற்பட்டது நேற்றன்று. கட்கியில் 1869-ல் வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. 1946-ல் அங்கேயே கிர்லோஸ்கர் எண்ணெய் எஞ்சின் நிறுவனம் தோன்றிற்று. மராட்டிய அரசு 1962-ல் தொழில் வளர்ச்சிக் கழகத்தை அமைத்து, நிலமும் நீரும் சாலையும் ஏற்பாடு செய்தது. ஆகுர்டியில் பஜாஜ் ஸ்கூட்டர்கள் உருவாயின. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் நம்மவரிடையிலும் உண்டல்லவா?

ஆயினும் இவ்வரலாற்றில் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. ஜாம்ஷெட்பூரில் 1954 முதல் ஜெர்மானிய நிறுவனத்தின் துணையோடு லாரி செய்து வந்தது டெல்கோ. அந்நியச் செலாவணிக்குப் பெரும் பஞ்சம் நிலவிய 1966-ஆம் ஆண்டில் அது புனேயில் அடியெடுத்து வைத்தது. நிறுவனத்தை நடத்திய சுமந்த் மூல்காவ்கர் அங்கு உடனே லாரி செய்ய முற்படவில்லை. இயந்திரங்களையும் அச்சுக்களையும் செய்யும் பட்டறையையும், இளைஞர்களுக்கான பயிற்சிக்கூடத்தையுமே முதலில் நிறுவினார். மரங்களை நட்டு, ஏரியும் வெட்டுவித்தார். புனேயின் முதல் லாரி வெளிவந்தது 1977-ல்! பதினோராண்டுப் பொறுமை எல்லா முதலாளிகளுக்கும் வாய்ப்பதன்று.

இப்பொறுமையின் காரணத்தைச் சற்றே விளக்க வேண்டும். லாரியின் கதவு தகட்டிலிருந்து பிறக்கிறது. தகட்டை இரு எஃகு அச்சுக்களிடையே வைத்து அழுத்தினால் கதவின் வடிவம் கிட்டும். அச்சில் மயிரிழைக் குறை நேர்ந்தாலும், அது ஆயிரமாயிரம் கதவுகளில் பதிந்துவிடும். எனவே அச்சைச் செதுக்கிய பின்னர், நீலச்சாயம் தடவிப் பொருத்திப் பார்த்து, உயர்ந்த இடத்தைக் கையாலேயே தேய்த்து எடுப்பார்கள். அந்தக் கை ஒரு நாளில் அமைவதில்லை. பயிற்சிக்கு வரும் பிள்ளை முதலில் அரத்தைப் பிடித்து, ஓர் இரும்புத் துண்டைச் சதுரமாக அராவக் கற்கிறான். பயின்றவர்களிற் சிலர் பின்னாளில் சொந்தப் பட்டறை வைத்தனர். போசரியின் சிறு பட்டறைகள் பெரிய ஆலைகளுக்கு உதிரிப் பாகங்களை அளித்தன.

தொழிலாளர் பூசல்களும் இல்லாமற் போகவில்லை. 1989-ல் டெல்கோ தொழிலாளர் சனிவார் வாடாவின் முன் உண்ணாநோன்பு இருந்ததும், போலீசார் அவர்களை அகற்றியதும் புனேக்காரர் மறவாத செய்தி. அதன்பின் ஒன்பதாண்டுகளில், 1998-ல், அதே ஆலையிலிருந்து இண்டிகா கார் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவில் மூடப்பட்ட ஓர் ஆலையின் இயந்திரங்களைப் பிரித்து, கப்பலேற்றிக் கொணர்ந்து, மீண்டும் பூட்டினர். அரம் பிடித்துப் பழகிய கைகளுக்கு அது கைவந்த வேலையாயிற்று.

வெங்காயச் சந்தைக்குப் பேர்போன சாகணில் 2009-ல் இரு ஜெர்மானிய கார் ஆலைகள் திறக்கப்பட்டன. அங்கே இயந்திரக் கரங்கள் பற்றவைக்கின்றன. ஒப்பந்தக் கூலிக்கு வருவோரும் பலர். இவர்களுக்குப் பதினோராண்டுப் பயிற்சியை யார் அளிப்பார்?

ஆகுர்டியில் 2007-ல் வண்டி உற்பத்தி நின்றது. 2022-ல் அதே இடத்தில் மின்சார ஸ்கூட்டர் ஆலை திறக்கப்பட்டது. பெயர் பழைய சேத்தக்தான். கடைந்தெடுக்க எஞ்சின் மட்டும் அதில் இல்லை.