மின்னல் எனப் பெயர் பெற்ற குதிரை

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய காரி ஊர்ந்த குதிரைக்கும் காரி என்பதே பெயர். ஓரியின் குதிரையும் ஓரி என்றே அழைக்கப்பெற்றது. வீரனையும் அவனைச் சுமந்த விலங்கையும் ஒரே பெயரால் நினைவிற் கொண்டனர் நம் முன்னோர். ஒரு குதிரையின் பெயர் தனி மனிதன் ஒருவனோடன்றி ஒரு நாட்டு மக்களின் நெஞ்சத்தோடே ஒட்டிக்கொண்ட வரலாறு இருபதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. அக்குதிரை ஃபார் லாப். அது பந்தயத் திடலில் ஓடிய காலம் மூன்றாண்டுகளுக்குச் சற்றே மேல். எனினும், மறைந்து தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் சாவைப் பற்றி அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர்.

குதிரைப் பந்தயம் என்றவுடன் நம்மவர் முகஞ்சுளிப்பதில் வியப்பில்லை. பந்தயத் திடலில் தொலைந்த குடும்பங்களை நம் சமுதாயம் கண்டதுண்டு. சூதினைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அக்குதிரை தன்மீது பணம் கட்டப்பட்டதை அறியாது. ஓடுவதொன்றே அதற்குத் தெரியும்.

நியூசிலாந்தின் தென் தீவில் திமாரு என்னும் நகரையடுத்த சீடவுன் பண்ணையில் 1926ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் அக்குட்டி பிறந்தது. தந்தை நைட் ரெய்ட், தாய் என்ட்ரீட்டி. சிட்னியில் ஹாரி டெல்ஃபோர்டு என்னும் பயிற்சியாளர் இருந்தார். கையில் காசில்லாத அவருக்குக் குதிரைகளின் குலமரபை ஆராய்வதில் மட்டும் அளவற்ற நாட்டம். 1928இல் நியூசிலாந்தில் நடைபெறவிருந்த ஏலத்தின் விவரப் பட்டியலைப் புரட்டிய அவர், கண்ணால் காணாத இக்குட்டியின் குலமரபை மட்டுமே நம்பி, டேவிட் டேவிஸ் என்னும் அமெரிக்க வணிகரை வற்புறுத்தி வாங்கச் செய்தார். 190 கினி வரை கேட்கலாம் என்று, அங்கிருந்த தம் தமையனார்க்குச் சொல்லியனுப்பினார். 160 கினிக்கே ஏலம் முடிந்தது.

மலிவாய்க் கிடைத்தது என்று மகிழ்ந்தவர்கள், கப்பலிலிருந்து இறங்கிய குட்டியைக் கண்டு திகைத்தனர். முகமெல்லாம் பருக்கள், உடலோடு பொருந்தாத நெடுங்கால்கள், நேராக நடக்கவும் தெரியாத தள்ளாட்டம். சினங்கொண்ட டேவிஸ் பயிற்சிச் செலவுக்கு ஒரு காசும் தர மறுத்துவிட்டார். இறுதியில், குதிரையை மூன்றாண்டுக் குத்தகைக்கு எடுத்து, செலவு முழுவதையும் தாமே ஏற்று, வெல்லும் பணத்தில் மூன்றில் இரு பங்கைப் பெற்றுக்கொள்வதாக டெல்ஃபோர்டு உடன்பட்டார்.

பெயர் வந்த கதை நம் வட்டாரத்தோடு தொடர்புடையது. சிட்னியில் மருத்துவம் பயின்றுவந்த, சீன வழிவந்த மாணவர் ஒருவர், தம் தந்தையின் சுவாங் மொழியில் மின்னலைக் குறிக்கும் சொல்லை எடுத்துரைத்தார். தாய்லாந்து மொழியிலும் மின்னலுக்கு ஏறத்தாழ அதே சொல்தான். மெல்பர்ன் கிண்ணத்தை வென்ற குதிரைகள் பலவற்றின் பெயர்கள் ஆங்கிலத்தில் ஏழெழுத்தாகவும் இரு சொல்லாகவும் அமைந்திருக்கக் கண்ட டெல்ஃபோர்டு, எழுத்தை மாற்றியும் சொல்லைப் பிரித்தும் ஃபார் லாப் எனப் பதிவு செய்தார். கொட்டிலில் அதற்கு வழங்கிய பெயர் பாபி. அவ்வாறு அழைத்தவர் டாமி வுட்காக் என்னும் இளைஞர். குதிரையைப் பேணும் பணியாளராகிய அவரை விட்டுப் பிரிய அவ்விலங்கு ஒருபோதும் விரும்பியதில்லை.

மின்னல் உடனே மின்னவில்லை. டெல்ஃபோர்டு அதற்கு விதை நீக்கம் செய்வித்து, மணற்குன்றுகளின் மேலெல்லாம் ஓட்டிக் கடும் பயிற்சியளித்தார். 1929 பிப்ரவரியில் ஓடிய முதற்பந்தயத்தில் அது கடைசியாக வந்தது. ஏப்ரல் 27ஆம் நாள், ஐந்தாம் பந்தயத்தில்தான் முதல் வெற்றி. அதன்பின் மீண்டும் தோல்விகள். அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் நிலைமை மாறியது. சிட்னியிலும் மெல்பர்னிலும் மூன்று வயதுக் குதிரைகளுக்கென நடைபெற்ற டெர்பி பந்தயங்கள் இரண்டையும் அது வென்றது. அந்நவம்பரில் மெல்பர்ன் கிண்ணப் பந்தயத்தில் மூன்றாம் இடமே கிட்டியது. முன்னோடத் துடித்த குதிரையை ஓட்டியவர் இழுத்துப் பிடித்தமையால், அதன் வலிமையெல்லாம் கடிவாளத்தோடு போராடுவதிலேயே கழிந்தது. கிண்ணத்தை வென்ற நைட்மார்ச்சும் நைட் ரெய்டுக்குப் பிறந்ததே.

மெல்பர்ன் கிண்ணத்தின் இயல்பை ஈண்டு விளக்குதல் வேண்டும். 1861 முதல் நடைபெற்றுவரும் அப்பந்தயத்தின் தொலைவு அந்நாளில் இரண்டு மைல். எல்லாக் குதிரைகளும் ஒரே சுமையோடு ஓடுவதில்லை. வல்ல குதிரைக்கு மிகுந்த சுமையும் மெலிந்த குதிரைக்குக் குறைந்த சுமையும் விதிக்கப்படும். குதிரையோட்டியின் எடை போதாவிடில், சேணத்தில் ஈயத்தைச் செருகி ஈடுசெய்வர். எல்லாம் ஒருங்கே வந்து சேரவேண்டும் என்பதே அவ்விதியின் கருத்து. 1929இல் ஃபார் லாப் சுமந்தது ஏறத்தாழ 47 கிலோகிராம். 1930இல் அது 62.5 ஆயிற்று, 1931இல் 68. ஆண்டுதோறும் வெற்றி வளர, முதுகின்மேல் ஈயமும் வளர்ந்தது. திறமைக்குத் தண்டனை விதிப்பது போன்ற ஒரு முறையை நியாயம் என்று ஏற்க என் மனம் இசைவதில்லை.

1930ஆம் ஆண்டுக் கிண்ணத்துக்கு முன் நிகழ்ந்தது துப்பறியும் கதைகளில் மட்டுமே காணத்தக்கது. அவ்வாண்டு காஃபீல்டு கிண்ணத்தை அமோனிஸ் என்னும் குதிரை வெல்லும், மெல்பர்ன் கிண்ணத்தை ஃபார் லாப் வெல்லும் என இரண்டையும் இணைத்துப் பலர் பணம் கட்டியிருந்தனர். அமோனிஸ் வென்றுவிட்டது. ஃபார் லாப்பும் வென்றால் பந்தயத் தரகர்கள் பெரும்பொருள் இழக்க நேரும். நவம்பர் 1ஆம் நாள் காலை, பயிற்சி முடித்து வுட்காக் மட்டக்குதிரை ஒன்றின்மேல் அமர்ந்து ஃபார் லாப்பை நடத்திவந்தபோது, மோட்டார் வண்டியில் வந்தவர்கள் துப்பாக்கியால் சுட்டனர். வுட்காக் தம் மட்டக்குதிரையைக் குறுக்கே நிறுத்தி அதனைக் காத்தார். குறி தவறியது. சுட்டவர் யாரென்று இன்றுவரை புலப்படவில்லை. அன்று பிற்பகலே ஃபார் லாப் ஓடியது, வென்றது. பின்னர் கிண்ண நாள் வரை ஜீலாங் நகரருகே ஒரு பண்ணையில் மறைத்து வைத்தனர். நவம்பர் 4ஆம் நாள், ஜிம் பைக் ஓட்ட, மூன்று குதிரை நீளத்தில் முந்தி மெல்பர்ன் கிண்ணத்தை வென்றது. எட்டு நாளுக்குள் அது வென்ற பந்தயங்கள் நான்கு!

அந்நாளைய மக்கள் ஏன் இவ்வளவு அன்பு செலுத்தினர்? உலகப் பொருளாதார மந்தம் ஆஸ்திரேலியாவை நசுக்கிய காலம் அது. தொழிலாளர்களுள் மூவரில் ஒருவர்க்கு ஏறத்தாழ வேலையில்லை. அதே மந்தத்தில்தான் மலாயாவில் ரப்பர் விலை சரிந்து, நம் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கப்பலேறிய நம் பாட்டன்மார்க்குக் கைதட்டி மகிழ ஒரு குதிரையும் இல்லை. ஆஸ்திரேலிய ஏழைக்கோ, மலிவு விலைக்கு வந்து, அழகற்றதென இகழப்பட்டு, எல்லாரையும் முந்திய அவ்விலங்கு தன் இனமாகவே தோன்றியது போலும்.

1931இல் 68 கிலோ சுமையோடு ஓடி எட்டாம் இடமே பெற்றது. அதற்குள் குத்தகைக் காலமும் முடிந்திருந்தது. டெல்ஃபோர்டு 4,000 பவுன் கொடுத்துப் பாதிப் பங்குக்கு உரியவரானார். ஆயினும், குதிரையை வட அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்ல டேவிஸ் முடிவு செய்தபோது அவர் உடன் செல்லவில்லை. பயிற்சிப் பொறுப்பு வுட்காக்கிடம் வந்தது. நெடுங்கடற் பயணத்துக்குப் பின், மெக்சிக்கோவின் தீஹுவானா நகரில், அகுவா கலியெந்தே திடலில், 1932 மார்ச் 20ஆம் நாள் அது களமிறங்கியது. சிட்னித் துறைமுகப் பாலம் திறக்கப்பட்டதற்கு மறுநாள் அது. பழகியது புல்தரை, அங்கோ மண்தரை. குளம்பில் வெடிப்பு வேறு. பில்லி எலியட் ஓட்ட, பின்னாலிருந்து வந்து எல்லாரையும் கடந்து, அத்திடலின் சாதனை நேரத்தில் வென்றது. அதுவே கடைசிப் பந்தயம். மொத்தம் 51 பந்தயங்கள்; 37 வெற்றிகள்; ஈட்டிய பணம் 66,738 பவுன்.

பதினாறு நாள் கழிந்தது. ஏப்ரல் 5ஆம் நாள் காலை, கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னுமிடத்துப் பண்ணையில், வுட்காக் குதிரையைக் கடும் வலியில் கண்டார். சில மணி நேரத்தில் குருதி கக்கி அது மாண்டது. வயிறும் குடலும் அழன்றிருந்தமையை உடற்கூற்றாய்வு காட்டியது. அமெரிக்கச் சூதாட்டக் கும்பல் நஞ்சிட்டது என ஆஸ்திரேலிய மக்கள் நம்பினர். அந்நம்பிக்கை தலைமுறை தலைமுறையாகப் பாடம் போல் ஓதப்பட்டது. பண்ணையின் மரங்களுக்குத் தெளித்த பூச்சிமருந்து புல்லில் விழுந்திருக்கலாம் என்றனர் சிலர்.

வரலாறு கற்பிப்போர் கூர்ந்து நோக்கத்தக்க பகுதி இதுவே. 2000இல் குதிரை மருத்துவ வல்லுநர்கள் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது நுண்ணுயிரால் நேர்ந்த குடலழற்சியாகலாம் என்றனர். நஞ்சுக் கதை முடிந்தது என்றே பலர் எண்ணினர். 2006இல், பதப்படுத்தி வைத்த தோலிலிருந்து எடுத்த பிடரிமயிரைச் செறிந்த எக்ஸ் கதிரால் சோதித்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், சாவதற்கு 30 முதல் 40 மணி நேரம் முன் பேரளவு ஆர்சனிக் உடலுட் சென்றதைக் கண்டனர். 2008இல் அதனை உறுதியும் செய்தனர். தோலைப் பதப்படுத்துவோரும் ஆர்சனிக்கைப் பயன்படுத்துவர். எனினும் குருதி வழியே மயிருள் ஏறியதும் வெளியிலிருந்து படிந்ததும் வேறு வேறு எனப் பிரித்தறிய அம்முறைக்கு இயலும்.

அப்படியாயின் கொலைதானா? அவசரப்படலாகாது. ஆர்சனிக் உட்சென்றது என்பது ஒன்று; யாரோ வஞ்சகமாய் ஊட்டினர் என்பது வேறு. அந்நாளில் ஆர்சனிக்கும் எட்டிச் சத்தும் கலந்த ஊட்டமருந்துகளைப் பந்தயக் குதிரைகளுக்குக் கொடுப்பது வழக்கம். டெல்ஃபோர்டின் மருந்துக் குறிப்பேடு 2008இல் ஏலத்துக்கு வந்து மெல்பர்ன் அருங்காட்சியகத்தார் கைக்குச் சென்றது. அத்தகைய கலவைகள் அதில் காணப்படுகின்றன. அன்பு மிகுதியால் ஊட்டிய மருந்தே அளவு மீறியிருக்கவும் கூடும். பகைவன் கையைத் தேடுவோர்க்கு இவ்விடை கசக்கும். நானோ, சான்று நின்ற இடத்தில் நின்றுவிடுவதையே விரும்புவேன்.

வுட்காக் நாடு திரும்பிப் பின்னாளில் தாமே புகழ்பெற்ற பயிற்சியாளர் ஆனார். அவர் பயிற்றிய ரெக்லெஸ் 1977 மெல்பர்ன் கிண்ணத்தில் இரண்டாவதாக வந்தது. 1985இல் அவர் மறைந்தார்.

ஃபார் லாப்பின் உடலோ மூன்றாகப் பிரிந்தது. தோல் மெல்பர்னுக்கும் எலும்புக்கூடு நியூசிலாந்தின் வெலிங்டனுக்கும் இதயம் கான்பெராவுக்கும் சென்றன. ஓட்டத்தைக் கண்ட நாட்டுக்கு இரு பங்கு, பிறந்த நாட்டுக்கு ஒரு பங்கு! பிறந்த மண்ணில் அது ஒரு பந்தயமும் ஓடியதில்லை. இதயத்தின் எடை 6.2 கிலோ, பிற குதிரைகளுக்கு அது ஏறத்தாழ 3.2 கிலோவே. துணிவும் தாராளமும் உடையவரை ஃபார் லாப்பின் இதயம் படைத்தவர் என ஆஸ்திரேலியர் சொல்வது இன்றும் வழக்கு. 2010இல் மெல்பர்ன் கிண்ணத்தின் நூற்றைம்பதாம் பந்தயத்தையொட்டி, வெலிங்டனிலிருந்து எலும்புக்கூட்டை வரவழைத்துத் தோலின் அருகே நிறுத்தினர். இதயம் மட்டும் கான்பெராவிலேயே இருந்தது.