நெய்யூரில் எழுதியது பாறசாலைக்கு வந்த வழி

1908-ல் லண்டனில் அச்சாகும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் டாக்டர் பென்டால். திருவிதாங்கூரில் பார்த்த 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்பு அது. வாய்ப்புற்றுதான் அதில் முன்னால் நின்றது. வெற்றிலை போடுகிற பழக்கத்தோடு சேர்த்து அவர் அதைப் பார்த்தார். எங்கள் பாறசாலைக்கும் நெய்யூருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர்கூட வராது. கட்டுரை கப்பலேறி லண்டனுக்குப் போய்விட்டது. எங்கள் கிராமத்துத் திண்ணைக்கு அந்தச் செய்தி வந்து சேர இரண்டு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. கேரள-தமிழ்நாடு எல்லையோரத்து லைப்ரரி ஒன்றில் பல வருஷம் புத்தகம் எடுத்துக் கொடுத்தவள் நான். அது வந்த வழியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

நெய்யூர் ஆஸ்பத்திரி 1838-ல் டாக்டர் ராம்சே தொடங்கியது. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் பிறகு வந்து கத்தி பிடித்ததும் அங்கேதான். அவர் பெயரை எங்கள் பக்கத்துக் கிழவர்கள் மலைக்காக நினைவில் வைத்திருக்கவில்லை, வயிற்றுப்புண் ஆபரேஷனுக்காகவே வைத்திருந்தார்கள். அதே நெய்யூரில் வேலை பார்த்த டாக்டர் ஓர், 1933-ல் லான்செட் இதழில் திருவிதாங்கூர் வாய்ப்புற்றைப் பற்றி விரிவாக எழுதினார். வெற்றிலையோடு சேரும் புகையிலையின் மேல் அவர் கை காட்டினார். திருவிதாங்கூருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து புகையிலை கப்பலில் வந்து இறங்கிய காலம் உண்டு. அரசாங்கத்துக்கு அதில் நல்ல வருமானம். எங்கள் வீட்டில் இடிகல்லின் சத்தம் விடிவதற்கு முன்பே கேட்கும். பல்லில்லாத பாட்டி பாக்கையும் வெற்றிலையையும் இடித்து, சிப்பிச் சுண்ணாம்பு தடவி, ஒரு கிள்ளு பொயிலையையும் வைத்து ஒதுக்கிக்கொண்ட பிறகுதான் யாரிடமும் பேசுவாள். ராத்திரி அதே உருண்டையோடு தூங்கியும் விடுவாள். லான்செட்டில் எழுதியிருந்ததும் ஏறக்குறைய இவளைப் பற்றித்தான்.

சர்க்கார் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 1920-களின் கடைசியில் ராக்பெல்லர் நிறுவனத்தின் டாக்டர் ஜேக்காக்ஸ் திருவிதாங்கூர் வந்தார். அவர் யோசனையின்படி பொதுச் சுகாதார இலாகா தனியாக உருவானது. 1930-களில் எங்கள் தாலுகாவான நெய்யாற்றின்கரையில் ஒரு மாதிரி சுகாதார யூனிட்டும் வந்தது. சிங்கூர், மாண்டியா, பூந்தமல்லி என்று இந்தியாவில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்களில்தான் அப்படி இருந்தது. சுகாதார ஆபீசர், இன்ஸ்பெக்டர்கள், நர்ஸ், மிட்வைப் என்று ஒரு சின்னப் பட்டாளம்.

அவர்களின் முதல் எதிரி கொக்கிப்புழு. அதன் குஞ்சு ஈர மண்ணில் கிடந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, கடைசியில் குடலில் கடித்துத் தொங்கும். மரச்சீனி மூடு பிடுங்குகிறவனும் பனையடியில் அக்கானிக் கலயத்தோடு நிற்கிறவனும் செருப்பா போட்டிருந்தான்? விளை என்கிற அந்தத் தோட்டமேதான் மறைவிடம், வேலைசெய்யும் இடமும் அதுதான். ஆகவே குழிக் கக்கூஸ் தோண்டச் சொன்னார்கள், மருந்து கொடுத்தார்கள், லாந்தர் விளக்கில் படம் காட்டிப் பிரசங்கம் செய்தார்கள், துண்டுத்தாள் கொடுத்தார்கள். படம் பார்க்கக் கூட்டம் வந்தது. தாளை வாங்கிப் போனவர்களில் வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் அபராதம் வருகிறது என்று ஒளிந்துகொண்ட காலம் அது. சீருடைக்காரர் சொல்லுகிற நல்ல வார்த்தையும் மிரட்டலாகத்தான் காதில் விழும்.

இந்த யூனிட்டுக்கும் லைப்ரரிக்கும் காகிதத்தில் ஒரு சம்பந்தமும் கிடையாது. திருவனந்தபுரத்தில் 1829-லேயே பொது நூலகம் வந்துவிட்டது என்று பெருமை பேசுகிறோம். அது கிராமத்தானுக்காக வந்ததல்ல. கிராமத்து வாசகசாலை வேறு வம்சம். நாலு பேர் காசு சேர்த்து, ஓலைக் கொட்டகையில் பத்திரிகை போட்டு, மாலையில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் பீடி புகைத்துக்கொண்டு கேட்கிற இடம் அது. இப்படிப்பட்ட 47 வாசகசாலைகளை 1945 செப்டம்பரில் அம்பலப்புழையில் பி.என். பணிக்கர் கூட்டினார். அதுவே திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம். அன்றைக்குத் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு எல்லாம் திருவிதாங்கூர்தான்.

பத்திரிகை முழுக்க வாசித்து முடித்ததும், கையில் கிடக்கிற எதையும் வாசிப்பார்கள். அம்மை குத்துவது பற்றிய நோட்டீஸ், காலராக் காலத்தில் கிணற்றுக்குக் குளோரின் போடுவது பற்றிய தாள், எல்லாம் அந்தக் கூட்டத்தில் தானாக வந்து சேர்ந்தது. வாசிக்கிறவர் நமக்கு மாமனாகவோ மச்சானாகவோ இருப்பார். புரியாததைக் குறுக்கே கேட்கலாம், கேலி பண்ணலாம், ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று எழுந்தும் போகலாம். சுகாதார இலாகாவிடம் தாள் இருந்தது, ஆள் இல்லை. வாசகசாலையில் ஆள் இருந்தார், அவருக்குத் தாள் வேண்டியிருந்தது. எந்த உத்தரவும் இல்லாமல் இரண்டும் திண்ணையில் சந்தித்துக்கொண்டன. பிற்காலத்தில் இதையெல்லாம் திட்டமாக எழுதியவர்கள் இந்தத் திண்ணையைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

ஆனால் திண்ணையில் பெண்கள் இல்லை. இதை மறைத்து எழுதினால் வரலாறு பொய்யாகிவிடும். பேறுகாலத்தைப் பற்றிய தாளையும் ஆண்களே வாசித்து ஆண்களே கேட்டார்கள்!

1956 நவம்பர் 1-ஆம் தேதி நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரையையும் சேர்த்துத்தான் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது, கிடைக்கவில்லை. இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே கோடு விழுந்தது. கோட்டின் இந்தப் பக்கம், கேரளத்தில், தமிழ் பேசும் வீடுகள் மிச்சமாயின. கல்யாணம், சந்தை, அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) வேலை எதற்கும் அந்தக் கோடு தடையாக இருக்கவில்லை, நூலகத்துக்கு இருந்தது. அந்தப் பக்கம் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூலக ஆணைக்குழு, வீட்டு வரியோடு நூலக வரி, சம்பளம் வாங்கும் நூலகர். இந்தப் பக்கம் கமிட்டி, தேர்தல், சண்டை, கிராண்டுக்காகக் காத்திருப்பு. அந்தப் பக்கத்து நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் ஒழுங்காக அடுக்கியிருக்கும், வீடுதேடி வருகிற ஆள் குறைவு. எங்களிடம் வீடுதேடிப் போக எத்தனையோ பேர், அலமாரியில் தமிழ் ஒரு தட்டு. சம்பளக்காரரை விடச் சண்டைபோடும் கமிட்டியே மேல் என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். நூலகவியல் அறிஞர் ரங்கநாதனும் அதற்குத் துணை நின்றார். அந்த வண்டியின் புத்தி பிறகு ஏன் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

1970-ல் கிரந்தசாலா சங்கத்தின் வெள்ளிவிழாவுக்குப் பணிக்கர் கேரளம் முழுக்க நடந்தார். நடை புறப்பட்டது எங்கள் பாறசாலையில், முடிந்தது காசர்கோட்டில். 1975-ல் சங்கத்துக்கு யுனெஸ்கோவின் குருப்ஸ்கயா விருது கிடைத்தது. 1989-ல் சட்டம் வந்தது, பிறகு லைப்ரரி கவுன்சில் பொறுப்பேற்றது. பெண்கள், முதியவர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோகும் திட்டமும் பிற்பாடு வந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு விளைகளுக்குள் இறங்கும் வேலை எனக்கு அப்படித்தான் வாய்த்தது.

பெண்கள் கேட்டது நாவல். இரண்டு நாவலுக்கு ஒரு சுகாதாரப் புத்தகம் என்று நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். ஓர் ஆபீசிலிருந்து வாய்ப்புற்றுத் துண்டுத்தாள் கட்டுக்கட்டாக வந்தது, அத்தனையும் மலையாளத்தில். பொழியூர்க் கடற்கரையில் அதைக் கொடுத்தால் மீன் பொதியத்தான் ஆகும். நான் தமிழில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, பிறகு எழுத்தையும் நம்பாமல் வாசித்தே காட்டினேன். வாயில் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படலம், வரவர வாய் திறக்காமல் இறுகுவது, இந்த மூன்றில் எது கண்டாலும் தாமதிக்கக் கூடாது. ஒரு வீட்டில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த பாட்டி முழுக்கக் கேட்டுவிட்டு, “மக்ளே, பொயிலய விட்டா அப்புறம் இந்த வாய்க்கு என்ன வேல?” என்றாள். “கதை சொல்லும் பாட்டி” என்றேன். “ஒனக்குக் கேக்க நேரமிருக்கா?” என்றாள். அன்றைக்கு அங்கேயே இருட்டிவிட்டது. பொயிலையை அவள் விடவில்லை. ஆனால் கண்ணாடியைச் சன்னல் பக்கம் கொண்டுபோய் வாயைத் திறந்து பார்க்கப் பழகினாள், மருமகளையும் பார்க்கச் சொன்னாள். மருமகள் பல் தேய்க்கப் புகையிலைப் பொடி போடுகிறவள்.

இப்படிப் பார்ப்பதால் பலன் உண்டா என்பதற்கு விடையும் எங்கள் மாவட்டத்திலேயே கிடைத்தது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990-களின் நடுவில் 13 பஞ்சாயத்துகளை ஆய்வுக்கு எடுத்து, சிலவற்றில் மட்டும் வீடுவீடாக ஆளனுப்பி வாயைப் பார்க்கச் செய்தது. போனவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட பட்டதாரிகள். முடிவு 2005-ல் லான்செட்டில் வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே, பார்க்கப்பட்ட பஞ்சாயத்துகளில் வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. டாக்டர் ஓர் எழுதிய அதே இதழ், 72 வருஷம் கழித்து.

அந்தக் கட்டுரையும் எங்கள் ஊருக்கு அனுப்பப்படவில்லை. நகரத்தில் படிக்கப் போன ஒரு பையன் அச்செடுத்துக் கொண்டுவந்தான். நாலு பக்கத் தமிழ்ச் சுருக்கமாக எழுதி, தமிழ்த் தட்டில் நாவல்களுக்கு நடுவே செருகி வைத்தேன். தனியாக வைத்தால் யாரும் தொடமாட்டார்கள். கமிட்டியில் ஒருவர், இது புத்தகமே இல்லை, பதிவேட்டில் எப்படி எண் போடுவது என்று கேட்டார். பென்சிலால் போட்டேன்.