உத்திரமேரூர்க் கல்வெட்டில் உறவுப்பெயர்களின் ஒருமையும் பன்மையும்

ஆய்வுச் சுருக்கம்

முதலாம் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த (கி.பி. 921) உத்திரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாத வாரியத்தாரையும் அவர்தம் உறவினரையும் குடவோலைக்கு ஆகாதவர் என விலக்குகிறது. அப்பட்டியலில் ‘இவர்கள்’ என்னும் பன்மையை ஒருமை உறவுப்பெயர் தொடர்வதும், ‘இவர்கள்’ என்பது ‘தன்’ என மாறுவதும் எழுத்துப்பிழைகள் அல்ல. விலக்கினை ஆள்தோறும் வரையறுக்கும் மொழியாட்சி என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உத்திரமேரூர், குடவோலை, வாரியம், ஒருமை, பன்மை, எச்சவியல்

முன்னுரை

பழைய செங்கற்பட்டு மாவட்டக் கல்வெட்டுகள் சில, பலர் கூடிச் செய்துகொண்ட உடன்பாடுகளைப் பதிவுசெய்துள்ளன. மாமல்லபுரத்து நகரத்தார் தம் ஊரின் வரிக்குரிய நிலத்தை நான்கு கூறாகப் பகுத்துக்கொண்டதை, அவ்வூர்க் கடற்கரைக் கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு கூறுகிறது. இத்தகைய ஆவணங்களில் உரிமையும் பொறுப்பும் கூட்டாக அமைந்தனவா, தனித்தனியே அமைந்தனவா என்பது முதன்மையான வினா. உத்திரமேரூரைப் பொறுத்தவரை அதற்கான விடை சொற்களின் எண்ணிலேயே அடங்கியுள்ளது.

கல்வெட்டும் விலக்கு விதியும்

இன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் 919, 921 ஆகிய ஆண்டுகளின் சபைத் தீர்மானங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 30 குடும்புகளிலிருந்து வாரியத்தாரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் முறையை இவை வகுக்கின்றன. முதல் தீர்மானத்தில் 30 முதல் 60 வரை இருந்த வயது வரம்பு, இரண்டாவதில் 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தாரோடு அவர்தம் உறவினரையும் விலக்கும் விரிவான பட்டியல் இரண்டாம் தீர்மானத்தில் உள்ளது.

பன்மையைத் தொடரும் ஒருமை

கணக்குக் காட்டாதாரை ‘இவர்கள்’ எனச் சுட்டும் பட்டியல், அவர்களுடைய சிற்றவ்வை, பேரவ்வை ஆகியோரின் ‘மக்களை’ப் பன்மையில் குறிக்கிறது. தாயோடும் தமப்பனோடும் ‘உடப்பிறந்தானை’ ஒருமையில் குறிக்கிறது. ‘இவர்கள்’ பலராயினும் ‘தாய்’, ‘தமப்பன்’ என்பன ‘தாயர்’, ‘தமப்பன்மார்’ ஆகவில்லை.

இவ்வழக்கு தமிழ் இலக்கணத்துக்குப் புதிதன்று. ஒருமைப் பெயர் பன்மைக்கு ஆகும் இடமும் உண்டு எனத் தொல்காப்பிய எச்சவியல் அமைதி கூறுகிறது. உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்றில், இளையர் பலர்க்கும் உரிய தாயர் ‘தாய்’ என ஒருமையிலேயே சுட்டப்படுகின்றனர். ஒவ்வொருவர்க்கும் தாய் ஒருத்தியே ஆதலின் பொருள் மயங்குவதில்லை. ‘உடப்பிறந்தான்’ என்பதன் ஒருமை வேறுவகை. தாயோடு பிறந்தார் எத்தனை பேராயினும் அவருள் எவர்க்கும் பொருந்துமாறு அது உறவின் வகையைச் சுட்டுகிறது.

‘இவர்கள்’ ‘தன்’ ஆதல்

பட்டியல் மேலே செல்லும்போது ‘இவர்கள்’ மறைந்து ‘தன்னோடுடப்பிறந்தான்’, ‘தன் தமப்பன்’, ‘தன் மகன்’ எனத் ‘தன்’ வருகிறது. முன்னிலை ஒருமை பன்மையொடு முடிவதை எச்சவியல் ஆற்றுப்படைக்கே உரியதாக்குகிறது. இம்மாற்றமோ படர்க்கையில் நிகழ்வது. எனவே அவ்விதியைக் கொண்டு இதனை அமைக்க இயலாது.

இதனை எழுதுவோரின் கவனக்குறைவு என்று கொள்ளலாமோ எனின், கல்வெட்டின் பிற பகுதி அதற்கு இடந்தரவில்லை. குடும்புதோறும் தனித்தனியே கூடவேண்டும் என்பதைக் கூறுமிடத்து ‘அவ்வவ்’ என்னும் அடுக்கை அது ஆள்கிறது. தகுதி கூறுமிடத்தும் இறைநிலம் ‘உடையான்’, ‘தன் மனையிலே’ இருப்பான் என ஒருவனையே நிறுத்திப் பேசுகிறது. பலர்க்கான விதியை ஒருவன் மேல் வைத்துக் கூறுவது இவ்வாவணத்தின் நடை. அதனால் குற்றம் செய்த ஒவ்வொருவனும் தன் சுற்றத்தையே விலக்குக்கு உள்ளாக்கினான் என்பது பெறப்படும்.

மொழிபெயர்ப்பில் நேரும் இழப்பு

வி. வெங்கையா இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில் இக்கல்வெட்டுகளை ஆங்கிலத்தில் ஆராய்ந்தார். ஆங்கிலத்தில் உடையவர் பலராயின் உடைமைப் பெயரும் பன்மையாவதே பெருவழக்கு. ‘தாய்’ என ஒருமையில் எழுதினால் அனைவர்க்கும் தாய் ஒருத்தி எனப் பொருள்படவும் கூடும். ஆங்கிலப் பன்மையை மீண்டும் தமிழாக்கி ‘அவர்களின் தாய்மார்களுடைய சகோதரர்கள்’ என எழுதினால், ஆள்தோறும் அமைந்த விலக்கு குழுவின் மேல் அமைந்ததாகத் தோன்றும். மூலத்தின் ‘தன்’ அங்கே இல்லாமற் போகிறது.

முடிவுரை

உத்திரமேரூர் விலக்கு விதியில் ‘தாய்’ என்னும் ஒருமை தொல்லிலக்கண மரபில் நிற்பது; ‘தன்’ என்னும் ஒருமை பொறுப்பைத் தனியாள் மேல் நிறுத்துவது. சபை ஆட்சியை ஆராய்வோர் மொழிபெயர்ப்பை மட்டும் கொண்டு முடிவு காணாமல், மூலப்பாடத்தின் ஒருமை பன்மைகளையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.