எலும்பிலிருந்து கால்சியத்தை நீக்கிய கதை

கோழி எலும்பு ஒன்றை வினிகரில் சில நாட்கள் ஊற வைத்தால் அது ரப்பர் போல வளையும். மருத்துவமனை ஆய்வகங்களில் எலும்புத் துண்டுகளைச் சோதிக்கும் முறையும் இந்த எளிய வேதியியலில் பிறந்ததுதான்.

மைக்ரோஸ்கோப்பில் பார்க்க, திசுவை ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்திற்குச் சீவ வேண்டும். எலும்பை அப்படிச் சீவினால் நொறுங்கும். கத்தியின் முனையும் பழுதாகும். காரணம் அதிலுள்ள கால்சியம்.

பாடப் புத்தகத்தில் வரும் ஹேவர்சியன் கால்வாய்களுக்குப் பெயர் தந்த ஆங்கிலேய மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸ், 1691இல் எலும்பின் நுண்ணமைப்பு பற்றி நூல் எழுதினார். 1758இல் பிரான்சின் எரிசான், எலும்பை அமிலத்தில் இட்டால் தாதுப்பொருள் கரைந்து மென்மையான பகுதி மிஞ்சும் என்று காட்டினார். அந்தத் தாது கால்சியம் பாஸ்பேட் என்பது 1770 வாக்கில் சுவீடனின் கான், ஷீலே ஆகியோரால் தெரிய வந்தது.

அமிலம் வேகமாக வேலை செய்யும். ஆனால் திசுவையும் கெடுக்கும். ஆஸ்திரியாவின் எப்னர் 19ஆம் நூற்றாண்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் சாதாரண உப்பைச் சேர்த்தார். உப்பு, நார்கள் ஊதிப் போகாமல் காத்தது.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் செல்லின் உட்கரு சாயம் ஏற்காது. புற்றுநோயை அடையாளம் காட்டுவதே பெரும்பாலும் உட்கருதான். 1970களில் கீமோதெரபி பரவும் வரை எலும்புப் புற்றுக்குக் கை காலை வெட்டுவதே முக்கிய சிகிச்சை. கெட்டுப்போன ஸ்லைடைப் பார்த்து அந்த முடிவை எடுக்க முடியுமா? எனவே கால்சியம் தீர்ந்ததும் துண்டை உடனே வெளியே எடுத்தாக வேண்டும். ஊறிய அமிலத்தில் அம்மோனியாவும் அம்மோனியம் ஆக்சலேட்டும் சேர்த்துப் பார்ப்பார்கள். கலங்கினால் கால்சியம் இன்னும் வெளியேறுகிறது என்று பொருள். எக்ஸ்ரே எடுத்தும் பார்க்கலாம்.

அமிலத்திற்கு மாற்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. துணித் தொழிலில் கடின நீர் தந்த தொல்லையைப் போக்க, ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் மூன்ஸ் 1935இல் ஈ.டி.டி.ஏ. என்ற பொருளை உருவாக்கினார். அது கால்சியத்தைப் பற்றி இழுத்துக்கொள்ளும். 1950களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் அதை எலும்புக்கும் பல்லுக்கும் பயன்படுத்தினர். செல்களுக்குச் சேதம் குறைவு. ஆனால் அமிலம் ஒரு நாளில் முடிக்கும் வேலைக்கு இது பல நாட்கள், சில சமயம் வாரங்கள் எடுக்கும். நோயாளி காத்திருக்க வேண்டும்!

மரபணுச் சோதனைகள் வந்த பின் இந்தப் பொறுமைக்கு மதிப்பு கூடியது. கடும் அமிலம் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. மார்பகப் புற்று எலும்புக்குப் பரவியிருந்தால், எந்த மருந்து பலன் தரும் என்பதை அறிய அந்த டி.என்.ஏ. தேவைப்படலாம்.

கால்சியத்தை நீக்கவே கூடாத நோயும் உண்டு. ஆஸ்டியோமலேசியாவில் எலும்பில் தாது போதிய அளவு படிவதில்லை. இருப்பதையும் கரைத்துவிட்டால் குறையை எப்படிக் காண்பது? அதனால் அந்தத் துண்டுகளைக் கடினமான பிளாஸ்டிக்கில் பதித்து அப்படியே சீவுகிறார்கள்.

எந்தத் துண்டை எதில், எவ்வளவு நேரம் ஊற வைப்பது என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். மருத்துவர் ஸ்லைடில் எதைக் காண முடியும் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.