விமானப்படைப் பட்டறையிலிருந்து சிவில் பணிக்கு: தமிழ்நாட்டில் ஏவியானிக்ஸ் தொழில்நுட்பர்களின் வரலாறு

விமானத்தில் உள்ள வானொலி, ரேடார், வழிகாட்டும் கருவிகள், பறப்புக் கட்டுப்பாட்டுக் கணினிகள் ஆகியவற்றை மொத்தமாகக் குறிக்கும் சொல் ஏவியானிக்ஸ். 1949இல் அமெரிக்க இதழாளர் ஃபிலிப் கிளாஸ் இச்சொல்லை உருவாக்கியதாகக் கூறுவர். இக்கருவிகளைப் படைகளில் பராமரித்தவர்கள் ஓய்வுக்குப் பின் சிவில் துறைகளில் தொழில்நுட்பப் பணிகளைத் தேடிச் செல்வது உலகெங்கும் காணப்படும் வழக்கம். தமிழ்நாட்டில் இது இரண்டாம் உலகப் போரின் இறுதியில் தொடங்கியது. அன்று முதல் இன்று வரை இவர்களுக்குத் திறமை குறைவாக இருந்ததில்லை. அத்திறமைக்குச் சிவில் துறை ஏற்கும் சான்று இல்லாததே இவர்கள் சந்தித்த முதன்மைத் தடையாகும்.

போர்க்காலத் தொடக்கம்

1939இல் மிகச் சிறியதாக இருந்த இந்திய விமானப்படை, போர் முடிந்தபோது ஏறத்தாழ 28,500 பேர் கொண்ட படையாக வளர்ந்திருந்தது. விமானிகளைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் பொருத்துநர்களும், வானொலி இயக்குநர்களும், மின்கருவிப் பணியாளர்களும் தேவைப்பட்டனர். ரேடார் என்ற புதிய கருவியும் இக்காலத்தில்தான் இந்தியாவுக்கு வந்தது.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் இதற்கு முக்கிய மையமாக இருந்தது. பிரித்தானியக் கடற்படையின் விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரிய பணிமனை ஒன்று 1942 முதல் 1946 வரை அங்கு இயங்கியது. அதன் கடற்படைப் பெயர் 'எச்.எம்.எஸ். கருடா'. அருகிலுள்ள சூலூர் ஓடுதளமும் அப்படையின் விமானங்களுக்குப் பயன்பட்டது. பிற்காலத்தில் சூலூர் இந்திய விமானப்படைத் தளமாக வளர்ந்தது. விமானங்களையும் அவற்றின் உறுப்புகளையும் முழுமையாகப் பிரித்துச் சீரமைக்கும் ஐந்தாம் எண் பழுதுபார்ப்புப் பணிமனை இன்று அங்கு உள்ளது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பிறப்பு

போர் முடிந்ததும் இந்தியப் படைகளிலிருந்து லட்சக்கணக்கானோர் விடுவிக்கப்பட்டனர். அவர்களைச் சிவில் வேலைகளில் அமர்த்துவதற்காக 1945 ஜூலையில் மறுவாழ்வு மற்றும் வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் தொடங்கப்பட்டது. இன்று மாணவர்கள் அறிந்துள்ள அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் மூலம் இதுதான். தொடக்கத்தில் இவ்வலுவலகங்கள் விடுவிக்கப்பட்ட படையினருக்கும், போர்க்காலத் தொழிலாளர்களுக்கும் மட்டுமே உரியவையாக இருந்தன. 1947இல் பிரிவினையால் இடம்பெயர்ந்தோரும், 1948இல் வேலை தேடும் அனைவரும் பதிவு செய்ய அனுமதி கிடைத்தது. பி. சிவராவ் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1956 நவம்பர் 1 முதல் இவற்றின் அன்றாட நிர்வாகம் மாநில அரசுகளுக்கு மாறியது.

அதே இயக்ககத்தின் பயிற்சிப் பிரிவிலிருந்து 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. இன்றைய ஐ.டி.ஐ.க்கள் இத்திட்டத்தின்கீழ் இயங்குபவை. படைவீரருக்கு வேலை தேட அமைக்கப்பட்ட ஏற்பாடு, சிவில் இளைஞருக்கு ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடாக விரிந்தது. ஆனால் இவ்வளர்ச்சி ஒரு புதிய சிக்கலையும் உண்டாக்கியது. சிவில் நிறுவனங்கள் ஐ.டி.ஐ. சான்றிதழையும் டிப்ளமோவையும் அளவுகோலாகக் கொள்ளத் தொடங்கின. படையில் பயின்றவரிடம் அனுபவம் இருந்தும் அந்தத் தாள் இல்லை.

படையில் கற்றது என்ன?

விமானப்படையின் தொழில்நுட்ப வீரர்கள் நெடுங்காலம் ரேடார் ஃபிட்டர், ரேடியோ ஃபிட்டர், இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டர், எலக்ட்ரிக்கல் ஃபிட்டர் போன்ற பிரிவுகளில் பணியாற்றினர். மின்னணு ஒருங்கிணைப்பு பெருகியதும் இவற்றில் சில சேர்க்கப்பட்டு, எலக்ட்ரானிக்ஸ் ஃபிட்டர் போன்ற விரிந்த பிரிவுகள் உருவாயின. மின்னணுப் பிரிவினர் பெங்களூரு ஜாலஹள்ளியிலும், இயந்திரப் பிரிவினர் தாம்பரத்திலும் பயிற்சி பெறுகின்றனர்.

பராமரிப்பு வேலை மூன்று படிகளில் நடக்கிறது. முதற்படியில், ஓடுதளத்தருகே நிற்கும் விமானத்தைச் சோதித்து, பழுதான கருவிப்பெட்டியைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துகின்றனர். இரண்டாம் படியில், அப்பெட்டியைப் பட்டறை மேசையில் வைத்துச் சோதித்து, பழுதான மின்சுற்று அட்டையைக் கண்டறிகின்றனர். மூன்றாம் படியில், சூலூர் போன்ற பணிமனைகளில் அட்டையின் தனித்தனி உறுப்பு வரை சென்று சீரமைக்கின்றனர்.

ஓய்வுக்குப் பின் ஒருவர் எந்தத் துறைக்குப் பொருந்துவார் என்பதை இந்தப் படிகளே பெரிதும் தீர்மானிக்கின்றன. முதற்படியில் பணியாற்றியவரின் வேகமும் ஒழுங்கும் விமான நிறுவனங்களின் அன்றாடப் பராமரிப்புக்கு ஏற்றவை. மேசைச் சோதனையிலும் பணிமனையிலும் பழகியவர் அளவுக்கருவி அளவீடு, மின்னணு உற்பத்தி, தொலைத்தொடர்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு, ரயில் சிக்னல் ஆகியவற்றிற்கும் பொருந்துவார். பழுதின் அறிகுறியிலிருந்து காரணத்தை நோக்கிப் படிப்படியாகச் செல்லும் முறை எல்லாத் துறைக்கும் பொது.

கருவிகளில் வேறுபாடு உண்டு. படை விமானங்களில் பரவலாகப் பயன்படும் 'மில்-ஸ்டாண்டர்ட் 1553' என்ற தரவுத்தடம் நொடிக்கு 10 லட்சம் பிட் வேகம் கொண்டது. ஒரே தடத்தில் பல கருவிகள் இரு திசையிலும் பேசும். ஒரு கட்டுப்பாட்டுக் கருவி முறை வைத்து நடத்தும். பயணிகள் விமானங்களில் பரவலாக உள்ள 'அரிங்க் 429' தடத்தில் ஒரு கருவி மட்டுமே பேசும். அதிகபட்சம் 20 கருவிகள் கேட்கும். வேகம் நொடிக்கு 1 லட்சம் பிட். முன்னதை அறிந்தவர் பின்னதைக் கற்பது கடினமன்று. ஆனால் கற்றதைத் தேர்வெழுதி நிறுவியாக வேண்டும்.

உரிமம் என்னும் வாயில்

படையிலும் சிவில் விமானத் துறையிலும் பொறுப்பு வகுக்கப்படும் முறை வேறு. படையில் ஒவ்வொரு பிரிவினரும் தம் வேலையை முடித்து, விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில் கையொப்பமிடுகின்றனர். அந்த அதிகாரம் பதவியிலிருந்தும் படைப்பிரிவிலிருந்தும் வருவது; பணியை விட்டதும் முடிந்துவிடும். சிவில் துறையில் விமானம் பறக்கத் தகுதியானது என்று சான்றளிப்பவர் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர். உரிமம் அவருடைய சொந்தப் பெயரில் இருக்கும்.

இவ்வுரிமத்தை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். முன்பு ஏவியானிக்ஸ் உரிமம் மின் அமைப்பு, கருவி அமைப்பு, வானொலி வழிகாட்டல் என்று பிரிந்திருந்தது. இப்பிரிவுகள் படையின் பழைய ஃபிட்டர் பிரிவுகளை ஒத்திருந்ததால் பாதை ஓரளவு நேராக இருந்தது. பின்னர் ஐரோப்பிய விதிகளை ஒட்டி 'கார்-66' என்னும் முறை வந்தது. அதில் ஏவியானிக்ஸ் பொறியாளருக்கு உரியது பி-2 பிரிவு. மின்னணுவியலோடு விமானச் சட்டம், மனிதக் காரணிகள் ஆகிய தாள்களையும் எழுதி, ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு மதிப்பெண் பெற வேண்டும்.

படை அனுபவத்தை இம்முறை ஒதுக்கிவிடவில்லை. அதைக் கணக்கில் கொண்டாலும், சிவில் பராமரிப்புச் சூழலில் கூடுதல் அனுபவம் கேட்கிறது. பதினெட்டு வயதில் சேர்ந்து, இருபது ஆண்டுப் பணி முடித்து வரும் ஒருவருக்கு அப்போது வயது 38. பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் பருவத்தில், குறைந்த ஊதியத்தில் உதவித் தொழில்நுட்பராக மீண்டும் தொடங்க வேண்டியிருக்கலாம். பணியில் இருக்கும்போதே தேர்வுத் தாள்களை எழுதத் தொடங்குபவருக்கு இக்காலம் சுருங்குகிறது.

இடஒதுக்கீடும் அதன் எல்லையும்

முன்னாள் படைவீரருக்கான 1979ஆம் ஆண்டு மத்திய விதிகள் குரூப் சி பணியிடங்களில் 10 விழுக்காட்டையும், குரூப் டி பணியிடங்களில் 20 விழுக்காட்டையும் ஒதுக்கின. பள்ளியிறுதித் தேர்ச்சியும் 15 ஆண்டுப் படைப்பணியும் உள்ளவரை, பட்டம் கேட்கும் சில குரூப் சி பணிகளுக்குத் தகுதியுடையவராகக் கொள்ளும் ஏற்பாடும் வந்தது. படைப் பிரிவுகளைச் சிவில் தொழில்களுக்கு இணையாகக் காட்டும் பட்டியல்களும் வெளியிடப்பட்டன.

தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் உள்ளன. 1986இல் மாநில அரசு டெக்ஸ்கோ என்னும் முன்னாள் படைவீரர் கழகத்தைத் தொடங்கியது. அதன் வழியாகப் பலருக்கு வேலை கிடைத்தது. எனினும் அவ்வேலைகளில் பெரும்பகுதி காவல் பணிகள். ஒதுக்கீடு ஊதியத்தை உறுதி செய்கிறது. ரேடார் பழுதுநீக்கத்தில் தேர்ந்தவர் வாயிற்காவலராக அமர்ந்தால், அவரைப் பயிற்றுவிக்க நாடு செலவிட்ட பொருளும் காலமும் வீணாகின்றன.

அரக்கோணம், ஓசூர், சேலம்

அண்மைக் காலத்தில் படைக்கும் சிவில் துறைக்கும் உள்ள இடைவெளி கருவிகளின் பக்கத்தில் குறைந்துள்ளது. அரக்கோணத்தில் 1992இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தில் முன்பு சோவியத் தயாரிப்பான டுப்போலெவ்-142 கண்காணிப்பு விமானங்கள் இருந்தன. அவை 2017இல் ஓய்வு பெற்றன. அவற்றின் பணியை ஏற்ற பி-8ஐ விமானம், போயிங் 737 பயணிகள் விமானத்தின் உடலை அடிப்படையாகக் கொண்டது. போர்க்கருவிகள் வேறானாலும், விமானத்தின் அடிப்படை அமைப்புகள் சிவில் பொறியாளர் அறிந்தவையே. இவ்விமானங்களின் பெரும்பராமரிப்பு ஓசூரில் உள்ள ஏர் வொர்க்ஸ் என்னும் தனியார் பணிமனையில் நடந்துள்ளது. படை விமானமே சிவில் பணிமனைக்கு வந்தபோது, இரு உலகையும் அறிந்த தொழில்நுட்பரின் மதிப்பு உயர்ந்தது.

2019 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகள் சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி. இவற்றுள் சேலம், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் உள்ளது. ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் அமைந்த உச்சி 1,600 மீட்டருக்கும் மேல் உயரமானது. இத்தகைய மலைகளுக்கு அருகே பறக்கும் விமானத்திற்கு, படையுடையதாயினும் பயணிகளுடையதாயினும், தரையிலிருந்து உள்ள உயரத்தை அளக்கும் ரேடியோ உயரமானி ஒன்றே. அதைச் சோதிப்பவரின் கைத்திறனும் ஒன்றே.

அக்னிபத் திட்டத்திற்குப் பின்

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, புதிதாகச் சேர்வோர் நான்கு ஆண்டு பணியாற்றுவர். அவர்களில் 25 விழுக்காடு வரை மட்டுமே தொடர்ந்து படையில் வைத்துக்கொள்ளப்படுவர். படைப்பயிற்சிக்குப் பாதி மதிப்பலகுகள் தரும் பட்டப்படிப்பை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக நடத்துவதாகவும் அறிவிப்பு வந்தது.

இருபது ஆண்டுப் பணியாளர் ஆழ்ந்த அனுபவத்தோடும் ஓய்வூதியத்தோடும் வெளிவருகிறார். நான்கு ஆண்டுப் பணியாளரிடம் வயது இருக்கிறது. ஓய்வூதியம் இல்லை, அனுபவமும் குறைவு. ஆகவே சான்றின் தேவை அவருக்கு இன்னும் கூடுதல். செய்த பணியின் பதிவும், அதற்கு இணையான கல்வி மதிப்பும், உரிமத் தேர்வுக்கான வழியும் பணிக்காலத்திலேயே கிடைப்பதைப் பொறுத்தே படைப்பட்டறையில் வளர்ந்த திறன் சிவில் துறையிலும் தொடரும்.