நெடும்பயணத்தில் பழுதான கருவி

திருப்பூர் பனியன் கம்பெனியில் பின்னல் எந்திரத்தின் ஊசி முறிந்தால் மாற்று ஊசி உடனே கிடைக்கும். நெடும்பயணத்தில் கருவி பழுதுபட்டால் என்ன செய்வது? நில அளவை வரலாற்றில் இதற்கு ஒரு சான்று உண்டு.

1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் முக்கோண அளவையைத் தொடங்கினார். கோணங்களை அளக்க அவர் ஊர் ஊராகக் கொண்டு சென்ற தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அதை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. பாகைகள் பொறித்த 3 அடி விட்டமுள்ள வளையம் நெளிந்துவிட்டது. வளையம் நெளிந்தால் கோணம் பிழைபடும்; ஒரு கோணம் பிழைபட்டால் அடுத்தடுத்த முக்கோணங்களும் பிழைபடும். புதுக்கருவியோ இங்கிலாந்திலிருந்து கப்பலில்தான் வரவேண்டும்.

லாம்ப்டன் கூடாரத்துக்குள் ஆறு வாரம் உழைத்தார். வளையத்தின் சரியான அளவில் பலகையொன்றில் வட்டம் வரைந்தார். ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றால் வளையத்தைச் சிறிது சிறிதாக இழுத்து அவ்வட்டத்தோடு பொருத்தினார். வளைந்த ஆரக்கால்களை மரச்சுத்தியலால் நிமிர்த்தினார். கருவி மீண்டும் அளவைக்குப் பயன்பட்டது.

ஆப்பும் திருகும் சிறு விசையைப் பெருக்கித் தரும் எளிய எந்திரங்கள். ஆனால் எவ்வளவு இழுப்பது, எங்கே நிறுத்துவது என்பதைக் காட்டியது பலகை வட்டமே. இன்று ஊசி, நைலான் நூல், ஒட்டுநாடா ஆகியவற்றோடு மலைவழி நடப்போருக்கும் இது பொருந்தும். பொருளின் சரியான வடிவத்தை அறிந்தவருக்குச் சில கருவிகளே போதும்.