தானியத்திலிருந்து எரிபொருள்: எத்தனால் திட்டமும் காவிரிப் படுகையும்

அரிசி, மக்காச்சோளம் போன்ற தானியங்களின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, நொதிக்க வைத்து, வடித்தெடுக்கும் சாராயம் தானிய எத்தனால் எனப்படும். ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து சுமார் 380 லிட்டரும், ஒரு டன் அரிசியிலிருந்து சுமார் 450 லிட்டரும் எத்தனால் கிடைக்கும். இது பெட்ரோலுடன் கலந்து விற்கப்படுகிறது.

நாகூரை அடுத்த பனங்குடியில் 1993 முதல் 2019 வரை கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கியது. அதைச் சுற்றி நெல்வயல்கள். இவ்வட்டாரத்தில் எரிபொருளும் நெல்லும் இதுவரை தனித்தனிப் பொருள்களாகவே இருந்தன. தானிய எத்தனால் அவ்விரண்டையும் ஒரே கணக்கில் கொண்டுவந்துவிட்டது.

தொடக்க வரலாறு

இந்தியாவில் பெட்ரோலுடன் சாராயம் கலப்பதற்கான சட்டம் 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அப்போது மூலப்பொருள் சர்க்கரை ஆலைகளின் கழிவுப்பாகு. 2003இல் 9 மாநிலங்களிலும் 4 ஒன்றியப் பகுதிகளிலும் 5 சதவீதக் கலப்புத் திட்டம் தொடங்கியது. ஆயினும் 2013-14இல் கலப்பு 1.53 சதவீதமாகவே இருந்தது. 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, மனிதர் உண்ணத் தகாத சேதமடைந்த தானியத்தையும், உபரி ஆண்டுகளில் நல்ல தானியத்தையும் எத்தனாலுக்கு அனுமதித்தது. 2022 ஜூனில் கலப்பு 10 சதவீதத்தையும், 2025இல் 20 சதவீதத்தையும் எட்டியது.

அமெரிக்க அனுபவம்

அமெரிக்கா 2005, 2007ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உயிரி எரிபொருள் கலப்பைக் கட்டாயமாக்கியது. பின்னர் அந்நாட்டு மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் எத்தனால் ஆலைகளுக்குச் சென்றது. உழவர்களுக்கு நிலையான சந்தை கிடைத்தது. ஆனால் மக்காச்சோளமே அன்றாட உணவாக உள்ள மெக்சிகோவில் 2007 ஜனவரியில் விலையேற்றத்தை எதிர்த்து மக்கள் வீதியில் இறங்கினர்.

அரிசியிலிருந்து மக்காச்சோளத்துக்கு

2020 ஏப்ரலில் இந்திய உணவுக் கழகத்தின் உபரி அரிசியை எத்தனாலாக்க ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. 2023இல் நிலைமை மாறியது. அரிசி விலை உயரும் என்ற அச்சத்தில் அவ்வாண்டு ஜூலையில் ஆலைகளுக்கான அரிசி நிறுத்தப்பட்டது. பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கும் தடை வந்தது. டிசம்பரில் கரும்புச் சாற்றுக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. ஆலைகள் மக்காச்சோளத்துக்கு மாறின.

இதனால் மக்காச்சோள உழவர்களுக்குக் கூடுதல் விலை கிடைத்தது. தமிழ்நாட்டில் பெரம்பலூர் இப்பயிருக்குப் பெயர் பெற்றது. மறுபுறம், மக்காச்சோளத்தையே முதன்மைத் தீவனமாகக் கொண்ட நாமக்கல் கோழிப்பண்ணைகளின் செலவு கூடியது. ஏற்றுமதி நாடாக இருந்த இந்தியா 2024இல் மக்காச்சோளத்தை இறக்குமதி செய்யும் நாடாயிற்று. அரிசி கையிருப்பு பெருகியதும் 2024-25ஆம் எத்தனால் ஆண்டுக்கு 52 லட்சம் டன் அரிசி மீண்டும் ஒதுக்கப்பட்டது. ஆலைகளுக்கான விலை 2025 ஜனவரியில் குவிண்டாலுக்கு 2,800 ரூபாயிலிருந்து 2,250 ரூபாயாகக் குறைக்கப்பட்டது.

சுற்றுச்சூழல் விளைவுகள்

எத்தனால் கலந்த பெட்ரோல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு குறைவாக வெளியாகிறது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பயிர் விளைவதில் தொடங்கிக் கணக்கிட்டால் நன்மை மேலும் சுருங்குகிறது. யூரியா இட்ட மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடும், நீர் தேங்கிய நெல்வயலிலிருந்து மீத்தேனும் வெளிவருகின்றன. நிலப் பயன்பாட்டு மாற்றத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட 2022ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வொன்று, மக்காச்சோள எத்தனாலின் கார்பன் சுமை பெட்ரோலைவிடக் குறைவல்ல, குறைந்தது 24 சதவீதம் கூடுதலாக இருக்கலாம் என்றது. எத்தனால் தரப்பினர் இதை மறுக்கின்றனர். நீரைப் பொறுத்தவரை, கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் பெற 2,860 லிட்டர் நீர் தேவை என்று நிதி ஆயோக் அறிக்கை குறிப்பிடுகிறது. மக்காச்சோளத்துக்கு நீர் குறைவாகப் போதும். நெல்லுக்கு அப்படியல்ல.

காவிரிப் படுகைக்கு இதன் பொருள்

அரிசி எத்தனால் நிறுத்தப்பட்ட அதே 2023இல் மேட்டூரில் போதிய நீரின்றிக் குறுவைப் பயிர் கருகியது. அக்டோபரிலேயே அணை மூடப்பட்டது. தமிழ்நாட்டில் கொள்முதலாகும் நெல் மாநிலத்தின் ரேஷன் தேவைக்குப் போதாது; பற்றாக்குறையை மத்தியத் தொகுப்பு அரிசியே ஈடுசெய்கிறது. எத்தனால் ஆலைகளுக்கும் அத்தொகுப்பிலிருந்தே அரிசி செல்கிறது. எனவே உபரி என்பது நிலையான அளவன்று, ஒரு பருவமழையிலும் ஓர் அணையின் நீர்மட்டத்திலும் மாறிவிடக்கூடியது.

இப்பகுதிக்கு எத்தனாலால் நன்மை ஏற்பட வழியில்லாமல் இல்லை. குறுவை அறுவடை முடியும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டிய நெல், நேரடிக் கொள்முதல் நிலைய வாசலில் நனைந்து முளைவிடுவதுண்டு. 2018ஆம் ஆண்டுக் கொள்கை சேதமடைந்த தானியத்தை அனுமதித்தது இத்தகைய நெல்லை மனத்தில் கொண்டே பொருந்தும். வீணாகும் நெல்லுக்கு நியாய விலை கிடைத்தால் எத்தனால் உழவருக்குத் துணையாகும். உண்ணத் தகுந்த அரிசியையே ஆலைக்கு அனுப்பினால், அதன் இழப்பு முதலில் ரேஷன் அரிசியை நம்பி வாழும் வீட்டில்தான் தெரியும்.